தீட்டுக் கொட்டகை

அம்மா, பிறந்த தங்கச்சி, நான், வாசலுக்கு வெளியே அப்பாவின் அக்கா. கொட்டகையில் இருந்தது நாங்கள்தான்.

கொடைக்கானல் ஓட்டலில் பூண்டு உரிக்கையில் அந்த இடம் நினைவில் வந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளை ஒதுக்கி வைக்க எங்கள் ஊருக்கு வெளியே போட்ட கொட்டகை. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். தகரத்தில் பனி சொட்டிக்கொண்டே இருக்கும், ஈரச் சாக்கு நாறும், பால் வராத மாரைச் சப்பிச் சப்பித் தங்கச்சி கத்திக்கொண்டே கிடப்பாள்.

“மதினி, பால் ஊற நாலு பூண்டு குடுங்க,” என்றாள் அம்மா.

“ரெண்டாவதும் பொட்டை. மகாராணிக்குப் பூண்டுக் கொழம்பு கேக்குதோ? தீட்டுக்காரி தின்னா களத்துல காயுற பூண்டு பூராம் கெட்டுப் போயிரும். கஞ்சியக் குடி.”

ஒரு விடியலில் தங்கச்சி கத்தவில்லை. புதைத்துவிட்டு வந்து அப்பா பூண்டை லாரியில் ஏற்றினார். ஒன்றும் கெட்டிருக்கவில்லை.

நாற்பத்தாறு மூட்டை.