13:40-க்கு வருகிறவன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள், சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் என் ஆபீசுக்கு ஒருநாள் மாலை ஏழு மணிக்கு வாருங்கள். சாவி தருகிறேன். நான் மட்டும் கூட வரமாட்டேன்.

நான் சர்வர் பார்ப்பவன். கடைக்காரர்களின் இணையதளமும் மெயிலும் ஓடுகிற கம்ப்யூட்டருக்குத்தான் சர்வர் என்று பெயர். அது எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும். இங்கே உட்கார்ந்து நான் காவல் காப்பேன். எந்நேரமும் யாராவது அதன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பான். உள்ளே புகுந்துவிட்டால், கடைக்காரர் பெயரிலேயே ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் அனுப்புவான். யார் எத்தனை மணிக்குத் தட்டினான் என்பது லாக் என்கிற பதிவேட்டில் பதிவாகும். கூடவே அவனுடைய ஐ.பி. எண்ணும் இருக்கும். இணையத்தில் அது வீட்டு நம்பர் மாதிரி. ஆனால் நிலையானது இல்லை. கரண்ட் போய் வந்தால் இந்த வீட்டு எண் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடுவதில் எனக்கு ஒரு வெறி. மாட்டியவனை நான் விட்டதில்லை. முன்கோபக்காரன் என்று ஊரே சொல்லும்.

என்னிடம் வாசிம் நான்கு வருடம் வேலை பார்த்தான். முப்பத்தொரு வயது. அம்மாவும் அவனும்தான் வீட்டில். அதிகம் பேசமாட்டான். புது சர்வர் வந்தால் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்துக் கொடுப்பது அவன்தான்.

ஜூன் மாதம் ஒரு ஜவுளிக்கடைக்குப் புது சர்வர் எடுத்தோம். அவசரம். வாசிம் லீவு. நானே அமைத்தேன். நான்காம் தேதி யாரோ உள்ளே புகுந்துவிட்டான். கடையின் பெயரில் பதினோராயிரம் ஆபாச மெயில். மறுநாள் காலையில் கடை முதலாளி என் ஆபீசில் வந்து நின்று கத்தினார். சாயங்காலத்துக்குள் ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்றார்.

லாக்கைப் பார்த்தேன். நேரம் 13:40. அதாவது மத்தியானம் ஒன்று நாற்பது. ஐ.பி. எண் நம் ஊருடையது! ஊரில் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் கோமதிநாயகம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, நேத்து மத்தியானம் ஒன்னு நாப்பதுக்கு இந்த நம்பர் யாருட்ட இருந்துச்சு?"

"நம்ம வாசிம் வீட்டுல வே."

தினமும் அந்நேரம் வாசிம் சாப்பிட வீட்டுக்குப் போவான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைக் கூப்பிட்டு, முதலாளி முன்னாலேயே கேட்டேன்.

"நான் இல்லண்ணே. டைம ஒருக்கா பாருங்க. அந்த சர்வர்ல..."

"ஏலே, எனக்கே பாடம் எடுக்கியா? வெளிய போ."

சர்வருக்குள் போக அவனுக்கிருந்த கணக்கை அப்போதே அழித்தேன். வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டோவைப் போட்டு, இவனை யாரும் சேர்க்காதீர்கள் என்று எழுதினேன். அப்புறம் ஊரில் ஒருவரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. ஜூன் இருபத்து நாலு, ராஜபாளையத்தில் வேலை கேட்டுவிட்டு பைக்கில் திரும்பினான். கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ஒரு லாரி. அங்கேயே முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. செய்தவன் அனுபவித்தான் என்று சொன்னேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசுக்கு முதல் நாள் காலையில், ஜவுளிக்கடை சர்வரின் லாக்கைத் திறந்தேன். தாக்குதல் என்றால் நிமிடத்துக்கு நூறு தடவை தட்டுவார்கள். இது மூன்றே மூன்று தடவை. கையால் டைப் அடித்த மாதிரி நிதானமாக. முந்தைய நாள், 13:40. பயனர் பெயர் வாசிம்.

அந்த சர்வரில் நான் ஒரு பொறி வைத்திருந்தேன். தப்பான கடவுச்சொல் போட்டால் அதை அப்படியே எழுதி வைக்கும். பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே சொல்.

அண்ணே. அண்ணே. அண்ணே.

யாரோ விளையாடுகிறான். என்னிடமா? அன்று மத்தியானம் ஒன்றரைக்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். 1:40. ஒன்றும் வரவில்லை. இரண்டு மணிவரை கண்ணை எடுக்கவில்லை. யாரும் தட்டவில்லை.

மறுநாள் காலை லாக்கில் இருந்தது. முந்தைய நாள், 13:40. நான் பார்த்துக்கொண்டே இருந்த அதே நேரம்! இந்தத் தடவை சொற்கள் வேறு.

வீட்ல இருக்கீங்க. டீ ஆறிட்டு. குடிங்க.

ஒன்று நாற்பதுக்கு நான் ஆபீசில் அல்லவா இருந்தேன்? டீயும் குடிக்கவில்லை. பொய் என்று நினைத்தேன். ஆனாலும் லாக்கில் இருந்த ஐ.பி. எண்ணைச் சொல்லி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"வாசிம் வீட்டு இன்டர்நெட் பெட்டிக்குத்தான் அந்த நம்பர் போயிருக்குன்னு காட்டுது. ஏன் கேக்கீரு?"

மறுபடியும் அந்த வீடு. ஆத்திரம் கண்ணை மறைத்தது. வாசிமின் அம்மா ஷரீபா பீவிக்கே போன் போட்டேன். "உங்க வீட்டுல உக்காந்து எவன் இந்த வேலையப் பாக்கான்?" என்று கேட்டேன்.



"வீட்ல நான் மட்டுந்தான் இருக்கேன், தம்பி."

வைத்துவிட்டேன்.

அன்று தபசு. தெருவெல்லாம் கூட்டம், பைக்கை எடுக்க வழியில்லை. கூட்டம் கலையட்டும் என்று ஆபீசிலேயே இருந்தேன். வழக்கமாக ஆறரைக்கே பூட்டிவிடுவேன். வெளியே மைக்செட் அலறிக்கொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி 7:09.

டக்.

பின்னால் ஒரு சத்தம். அங்கே வாசிமின் பழைய மேஜை. அதன் மேல் ஒரு கீபோர்டு. எதிலும் சொருகாதது. வயர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

டக்... டக்... டக்...

என் திரையில் திறந்திருந்த லாக்கில் ஒரு வரி வந்தது. பயனர் வாசிம்.

டைம பாருங்க.

மைக்செட் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கீபோர்டு சத்தம் மட்டும்...

இப்ப மணி என்ன.

கடிகாரத்தைப் பார்த்தேன். 7:10.

திரையில் அந்த வரிக்குப் பக்கத்தில் பதிவான நேரத்தைப் பார்த்தேன்.

13:40.

டக்... டக்... டக்...

அஞ்சரை மணி.

ஐந்தரை மணி நேரம்! வெளிநாட்டு நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். புது சர்வர் வெளிநாட்டு நேரத்தில்தான் ஓடும். முதல் வேலையாக அதை நம் நேரத்துக்கு மாற்ற வேண்டும். அதை எப்போதும் வாசிம் செய்வான். அந்த ஒரு சர்வரை நான் அமைத்தேன். மறந்துவிட்டேன்.

13:40 என்றால் மத்தியானம் இல்லை. மாலை 7:10.

முந்தைய நாள் 7:10-க்கு நான் வீட்டில்தான் இருந்தேன். கையில் டீ ஆறிப்போயிருந்தது.

கீபோர்டு சத்தம் நின்றது. நாற்காலி மட்டும் மெதுவாக... என் பக்கம் திரும்பியது.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பு மேலேயே கிடந்தது.

கூட்டத்துக்குள் நின்றுகொண்டு கோமதிநாயகம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஜூன் நாலு, மத்தியானம் இல்லை, சாயங்காலம் ஏழு பத்துக்கு அந்த நம்பர் யாரிடம் என்று கேட்டேன். "அன்னைக்கு மூணு மணிக்கு கரண்டு போயி நம்பரெல்லாம் மாறிட்டுல்லா? ஏழு பத்துக்கு அது உம்ம ஆபீஸ்ல வே" என்றார். தாக்குதல் போனது என் கம்ப்யூட்டரிலிருந்து. ஓசியில் கிடைக்கிறதென்று நான் இறக்கிய ஒரு சாப்ட்வேர் வழியாகத் திருடன் உள்ளே வந்திருக்கிறான். வேண்டாம் அண்ணே, இறக்காதீர்கள் என்று வாசிம் சொன்னான்.

மறுநாள் குழுவில் எழுதினேன்: வாசிம் மேல் தப்பில்லை, நேரத்தில் சின்னக் குழப்பம், செய்தது ஏதோ வெளிநாட்டுத் திருடன். யாரோ ஒருவர் கும்பிடும் கை படம் போட்டார். அவ்வளவுதான்.

ஷரீபா பீவியையும் போய்ப் பார்த்தேன். அதையேதான் சொன்னேன். அவர் அழவில்லை. திட்டவுமில்லை. இன்டர்நெட் பெட்டி எங்கே என்று கேட்டேன்.

"அவன் மவுத்தான மறுநாளே கழட்டிக் குடுத்தாச்சே, தம்பி. எனக்கு எதுக்கு அது?"

கோமதிநாயகம் அண்ணாச்சியின் கடை அலமாரியில் அதை என் கண்ணால் பார்த்தேன். வயர் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, தூசி படிந்து கிடந்தது. வாங்கி வைத்தது கடைப் பையனாம், அண்ணாச்சிக்கே தெரியாது.

அன்று 13:40-க்குத் தப்பான கடவுச்சொல் எதுவும் வரவில்லை. ஒரே வரி. வாசிம் உள்ளே வந்தார்.

நான் அழித்த கணக்கு அது. அவன் இன்னும் வெளியே போகவில்லை.

மனப்பாரம் தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவனுக்கு வேறு பெயர் போட்டேன். செய்தது வெளிநாட்டுத் திருடன் என்று முடித்தேன். மறுநாள் காலையில் திறந்தால் பெயரெல்லாம் வாசிம் என்று மாறியிருக்கிறது. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம், 13:40.

இன்னொன்றும் மாறியிருந்தது. மேலே, கூட்டத்துக்குள் நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன் என்று ஒரு பத்தி இருக்கிறதே...

அந்தப் போனை நான் போடவே இல்லை. பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்து, கேட்காமலே இருந்துவிட்டேன். அந்தப் பத்தி நான் எழுதியதில்லை.

அழித்தேன். மறுநாள் இருந்தது. மூன்று தடவை அழித்தேன். மூன்று தடவையும் வந்தது.

நேற்று காலை அண்ணாச்சியிடம் நேரில் போனேன். ஜூன் நாலு, ஏழு பத்து என்று மட்டும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு மூணு மணிக்கு கரண்டு போயி நம்பரெல்லாம் மாறிட்டுல்லா? ஏழு பத்துக்கு அது உம்ம ஆபீஸ்ல வே."