என்னிடம் கொடுத்த பிள்ளை

கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறேன். போன மாசம் ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் என் கடையில் நின்றார்கள். அந்தம்மா நெஞ்சோடு ஆறு மாசக் குழந்தை. கையை நீட்டினேன். என் நரையைப் பார்த்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

எங்கள் நாலு பிள்ளைகளையும் பல் முளைக்கிறவரை வெளியாள் தொட என் சம்சாரம் விட்டதில்லை. கண்ணு பட்டுடும் என்பாள். அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

"தாத்தா, இப்படிக் குடுங்க, ஒரு செல்பி எடுத்துக்கறேன்" என்றாள் பக்கத்துப் பூக்காரப் பெண்.

"புடிம்மா, பொம்மையாட்டம் இருக்குது பாரு" என்று பெருமையாகக் கொடுத்தேன்.

அவளிடமிருந்து, அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு கூட்டம் வாங்கியது. கை மாறிக் கை மாறி, குழந்தை கண்ணிலேயே படவில்லை. அழுகை மட்டும் கேட்டது. அந்தம்மா இளநீரைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். பாஷை தெரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது.

புருஷன் கூட்டத்துக்குள் புகுந்து குழந்தையை வாங்கி வந்தான். அதை அணைத்துக்கொண்ட அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். என்னிடம்தானே கொடுத்தாள்.

மறுநாள் எதிர்க்கடையில் நின்று இளநீர் குடித்தார்கள். நான் தலையைத் தூக்காமல், வெட்டிய காயையே வெட்டிக்கொண்டிருந்தேன்.