கிரெய்ண்டல் குடிக்காத சூப்

ஒலினிக் என்ற யூதர் ஊரில் கல்யாணச் சமையல் என்றால் கிரெய்ண்டல்தான். அப்படித்தான் இருந்தது, பிரோடியிலிருந்து மருமகளாக வந்த ஸ்லாட்டா வாத்து சூப் வைக்கும்வரை. அன்றிலிருந்து கிரெய்ண்டலுக்கு வயிறு பற்றியெரிந்தது. கடைசியில் சொந்த அக்காளே தன் மகள் பெய்லாவின் கல்யாணத்துக்கு ஸ்லாட்டாவைக் கூப்பிட்டுவிட்டாள். இதைவிட அவமானம் உண்டா?

கல்யாணத்தன்று காலை கிரெய்ண்டல் கையில் பால் செம்போடு சமையல் கொட்டகைக்குள் நுழைந்தாள். ஸ்லாட்டா விறகெடுக்கப் போயிருந்தாள். குண்டானில் வாத்து சூப் கொதித்துக்கொண்டிருந்தது. யூதர் வழக்கப்படி இறைச்சியில் பால் கலந்தால் தீர்ந்தது, குண்டானோடு கொட்ட வேண்டியதுதான். ஆனால் விழுந்த பாலைப் போல அறுபது மடங்கு சூப் இருந்தால் ஒன்றும் ஆகாது. அவளுக்குத் தெரியாத கணக்கா? செம்பை முழுசாகக் கவிழ்க்கத்தான் போனாள். பாழாய்ப்போன காலடிச் சத்தம்! சட்டென்று செம்பை நிமிர்த்தினாள்; ஒரு கரண்டிதான் விழுந்தது.

"ஐயையோ, கை தவறிடுச்சே!" என்றாள், விறகோடு உள்ளே வந்த ஸ்லாட்டாவிடம்.

ஸ்லாட்டா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். செம்பும் கையுமாக இருவரும் ஊர் மதகுருவான ரபியிடம் ஓடினார்கள்.

ரபி செம்பை எட்டிப் பார்த்தார். "நிறையத்தானே இருக்கு. எவ்வளவும்மா விழுந்துச்சு?"

"ஒரு கரண்டிங்க," என்றாள் கிரெய்ண்டல், வேறு வழியில்லாமல்.

"சூப் எவ்வளவு?"

"இருநூறு கரண்டிக்குக் குறையாதுங்க," என்று விம்மினாள் ஸ்லாட்டா.

"அப்புறம் எதுக்கு அழுகை? கோஷர்தான், விலக்கு ஒண்ணுமில்ல. ஊரே சாப்பிடலாம்." வாசல்வரை வந்தவர் நின்றார். "கை தவறி விழுந்துச்சு, சரி. வேணும்னே ஊத்தியிருந்தா, ஊத்தினவ மட்டும் அதைத் தொடக்கூடாது."

பந்தியில் பெய்லாவே கிண்ணத்தோடு வந்தாள். "ஒரு வாய் குடி சித்தி."

"வேணாம்டி. பசிக்கல."

"காலையிலேர்ந்து பட்டினி கிடக்கிற, பசிக்கலையா? ஸ்லாட்டா வச்சதுன்னுதானே? என் கல்யாணத்துலகூடவா உனக்குப் பொறாமை?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டவளுக்கு, தின்னக்கூடாததைத் தின்ன மட்டும் மனசு வரவில்லை. இத்தனை நாள் மூடி வைத்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் காலையில் வேண்டுமென்றே ஊற்றியது மறையும்.

"ஆமாடி," என்றாள். "பொறாமைதான். எடுத்துட்டுப் போ."

பெய்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கிரெய்ண்டல் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள். சூப் வாசனை நன்றாகத்தான் இருந்தது.