லாச்சியில் கிடக்கும் வயிறு

என் மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சியில் ஒரு பழைய எக்ஸ்ரே படம் கிடக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக் கடல் பக்கத்து யன்னலில் பிடித்தால் முள்ளந்தண்டும் இடுப்பெலும்பும் வெள்ளையாகவும், குடலில் நின்ற காற்று கறுப்பாகவும், மற்றதெல்லாம் சாம்பலாகவும் தெரியும். நான் வேலை செய்தது மிருக வைத்தியர் ஒருவரிடம். ஆனால் இது மிருகத்தின் வயிறு அல்ல.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம் அது. படமெடுப்பவன் நான். அந்த வயதில் எனக்கு எல்லோர் மீதும் சந்தேகம். நாய் பட்டினி கிடந்தது என்று சொந்தக்காரர் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டேன். குடல் நிறைந்திருந்தால் ஒன்றையும் பிரித்தறிய முடியாதே, வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் மேசையில் ஏற்றுவேன். ஒரு படமும் போதாது. பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று எடுப்பேன். இரண்டும் ஒன்றையே சொல்லிவிட்டால் பிறகு கடவுளே வந்து சொன்னாலும் கேட்கமாட்டேன். மடையன்!

டொக்டர் வெளியே போயிருந்த ஒரு நாள், கோட்டில் வழக்குப் பேசும் புரொக்டர் ஐயா ஒருவர் தன் சின்ன நாயோடும் வீட்டுச் சமையல்கார அக்காவோடும் வந்தார். மனைவியின் தோட்டிலிருந்து கழன்று விழுந்த வைரக்கல்லைக் காணவில்லை. நாய்தான் நக்கி விழுங்கியது என்றார் அக்கா. "என்ர கண்ணால கண்டனான், தம்பி. வடிவாப் பாருங்கோ." அவர் அழவில்லை. அழாதவள் கள்ளி என்று என் மனம் அப்போதே முடிவு கட்டிவிட்டது. இரண்டு படம் எடுத்தேன். ஊசிமுனையளவு இரும்பு கிடந்தாலும் பளிச்சென்று தெரிந்திருக்கும். எலும்பைத் தவிர வெள்ளையே இல்லை. "நாயிட்ட கல் இல்லை, ஐயா" என்றேன்.

"அப்ப இவள்தான் விழுங்கியிருக்கிறாள். இவளையும் ஏத்தும்" என்றார் புரொக்டர்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் அதே சந்தேகம்தானே! நாய்மயிர் ஒட்டிக்கிடந்த அந்த மேசையில் அக்கா சேலையை இறுக்கிப் போர்த்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படத்திலும் கல் இல்லை. எங்கோ ஒளித்துவிட்டாள் என்று சொல்லி அன்றே அவரை வேலையிலிருந்து கலைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நாயின் மலத்தோடு கல் வந்து விழுந்தது. டொக்டர் என் படங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐசே, தங்கம் எண்டா வெள்ளையாத் தெரியும். வைரமும் கரியும் ஒரே சரக்கு. அவ்வளவு சின்னக் கல் குடலுக்குள்ள கிடந்தா, சதையோட சதையாச் சாம்பலாத்தான் கிடக்கும்."

அன்று பின்னேரமே புரொக்டர் வீட்டில் விலாசம் கேட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்கா அங்கே தன் தங்கச்சியின் வீட்டில் இருந்தார். கல் அகப்பட்டதைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், புரொக்டர் வீட்டார் திரும்ப வரச் சொன்னதையும் சொன்னேன். அவர் எதற்கும் அசையவில்லை. "கல்லை அவையள் வைச்சிருக்கட்டும். என்ர படத்தைக் கொண்டுவந்து தாங்கோ, தம்பி. என்ர வயிறு நாய்ப் படங்களுக்குள்ள கிடக்கக் கூடாது."

"ஓம், நாளைக்கே" என்றேன். திரும்பி வரும் வழியிலேயே பழைய புத்தி தலைதூக்கியது. இதை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போவாளோ? அந்தப் பயத்தில் ஒரு மாதம் கடத்தினேன். மனம் உறுத்தி ஒரு நாள் படத்தோடு போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று அயலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கும் யன்னலில் பிடித்துப் பார்க்கிறேன். அந்த வயிற்றில் களவு எதுவும் இல்லை. அவருடைய பொருள்தான் இத்தனை வருடமாக என் லாச்சியில் இருக்கிறது.