இன்ஜின் வந்து சேர்ந்தபோது

கோவை ஜங்ஷனில், என் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருவரை வாய்க்கு வந்தபடி திட்டி எழுப்பினேன். அவர் பேசாமல் எதிர் சீட்டுக்கு மாறினார். அப்போதுதான் இன்ஜின் வந்து பெட்டிகளோடு சேர்ந்தது. கையிலிருந்த காபி சிந்தவில்லை.

"பெட்டி இணைப்புக்குள்ள இருக்கற ரப்பர் பேட்தான் இடியை வாங்கிக்குது, அம்மணி. எங்க கம்பெனி சரக்கு" என்றேன் மனைவியிடம், பெருமையாக.

"எல்லா ரப்பரும் வாங்கிக்குமுங்களா?"

"எல்லாம் எங்க வாங்கும்? பிரஸ் மெஷின்ல வெச்சு அழுத்திப் பார்ப்போம். மெதுவா நிமிர்ந்தா நல்ல சரக்கு. வாங்குன வேகத்துலயே திருப்பி அடிச்சா, கழிச்சுப்போடுவோம்."

அவள் எதிர் சீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தாள்.

"ஏனுங்க, அப்புறம் உங்களை எப்படி அந்தக் கம்பெனியில வெச்சிருக்காங்க?"

சுருக்கென்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திருப்பூர் தாண்டும்வரை அதை வாய்க்குள்ளேயே அழுத்தி வைத்திருந்தேன்.