பத்துக்கு இருபதில் தாய்மாமன் முகம்

எழுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோகிணி வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் டிசைன் கடைக்கு, போன மாதம் ஊர் ஒரு பேர் வைத்தது: மாமனைப் பேயாக்கும் கடை.

நடந்தது இதுதான். ஒரு காதுகுத்துக்குப் பேனர் கேட்டவர்கள், தாய்மாமன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அதில் வரும் படம் சுருங்கித்தான் வரும். செல்லில் பார்க்க லட்சணமாக இருக்கும். பத்தடிக்கு இருபதடி இழுத்தால் ஆறிய கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி ஆகிவிடும். ரோகிணிக்கு இது தெரியாததல்ல. அவசரத்தில் விட்டுவிட்டாள். மறுநாள் பேனரில் பெரியப்பா, சித்தப்பாமாரெல்லாம் முறுக்கு மீசையோடு பளிச்சென்று நிற்க, நடுவில் மாமன் மட்டும் புகைக்குள் நின்றார். சீர்த்தட்டோடு வந்த மனுசன் பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. செத்தவனாட்டம் அடித்து வைத்திருக்கிறீர்களே என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பேனரை அவிழ்த்துச் சுருட்டிய பிறகுதான் பிள்ளைக்குக் காது குத்த முடிந்தது. அந்தப் பேனரின் கீழ் மூலையில் கடைப் பேரும் இருந்தது, செல் நம்பரும் இருந்தது.

அதற்காக மூலையில் உட்காருகிற ஆள் இல்லை ரோகிணி. அவள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். கோரிப்பாளையத்தில் ஒரு போட்டோ கடையில் ரெண்டு வருசம் வேலை பார்த்துவிட்டு வந்து போட்ட கடை இது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை பேனரா அடிக்கிறது என்று கேட்பவர்களிடம், அவ ஓனருப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் அவள் அப்பா.

அந்த வாரமே அவள் வழி கண்டுபிடித்தாள். இனிமேல் படம் வாட்ஸ்அப்பிலும் வராது, கேபிளிலும் வராது. டிராயர் நிறையக் கேபிள் கிடந்தும், வருகிற போனுக்கு ஒன்றும் சேர்ந்ததில்லை. சொந்தப் போனைக் கம்ப்யூட்டரில் சொருகக் கொடுக்கப் பொம்பளைகளும் தயங்கினார்கள். உள்ளே என்னென்னவோ இருக்கும். இப்போது கடை வைஃபையில் போனைச் சேர்த்து, கம்ப்யூட்டரில் தெரியும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் போதும். போன் அவரவர் கையிலேயே இருக்கும். அவர்கள் தொட்ட படம் மட்டும் முழு அளவில் வந்து விழும். வழியெல்லாம் தயார், வாசலுக்குத்தான் ஆள் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அழகம்மாளும் அவள் புருசன் செல்வக்குமாரும் வந்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் மகனுக்குக் காதுகுத்து. ரோட்டு வேலைக்கு வந்த ஜேசிபி பூமிக்கடியில் கேபிளை அறுத்துவிட்டதால் ஊரிலேயே நெட் இல்லை. செல்லிலும் சிக்னல் இல்லை. மற்ற ரெண்டு கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். வேறு போக்கில்லாமல்தான் இங்கே வந்திருக்கிறார்கள் என்பது செல்வக்குமாரின் முகத்திலேயே தெரிந்தது.

அழகம்மாளின் அண்ணன் காளை மேலூரில் இருக்கிறார். பொங்கலுக்கு அவள் எடுத்த ஒரு படம்தான் அவர் ஒழுங்காகச் சிரித்த ஒரே படம். அது அவள் போனில் மட்டும் இருக்கிறது. அந்தப் போனில் கேபிளை வளைத்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும், படம் ஏறாது. பேனர் அடிக்கும் மெஷினோ உசிலம்பட்டியில். அஞ்சு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"எங்கண்ணன் கோவக்காரரு. மூஞ்சி மங்குச்சுன்னா அப்படியே வண்டியத் திருப்பிருவாரு தாயி," என்றாள் அழகம்மாள்.

"தெளிவா வரும்க்கா."

"நெட்டே இல்லாம எப்படித் தாயி வரும்? போன மாசம் வந்த மாதிரியா?" என்றார் செல்வக்குமார்.

ரோகிணிக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "நெட்டு வேற, வைஃபை வேற அண்ணே. இந்தா இருக்க போன்ல இருந்து இந்தா இருக்க கம்ப்யூட்டருக்கு வர, படம் எதுக்கு ஊரைச் சுத்தணும்? கரண்ட் இருக்குல்ல, போதும். நீங்க கேபிளை வளைச்சுப் புடிங்க."

போனில் ஆறு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. ரோகிணி அதைக் கடை வைஃபையில் சேர்த்து, கட்டத்தை ஸ்கேன் செய்து கொடுத்தாள். செல்வக்குமார் கேபிளை வளைத்துப் பிடிக்க, அழகம்மாள் படத்தைத் தொட்டாள். திரையில் பச்சைக் கோடு பாதி ஓடி நின்றுவிட்டது. ரோகிணி திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வைஃபைல இன்டர்நெட் இல்லை, இருக்கவா போகவான்னு கேட்டுச்சு. இல்லாததை வச்சு என்ன பண்றதுன்னு போகச் சொல்லிட்டேன்," என்றார் செல்வக்குமார்.

அழகம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "மச்சான் படம்னாலே உங்க கை சும்மா இருக்காதே."

ரோகிணி சிரித்துவிட்டாள். போனை மறுபடி சேர்த்து, இந்தத் தடவை கேட்டால் இருக்கச் சொல்லுங்கள் என்றாள். கோடு ஓடி முடிந்தது. படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். காளையின் வலப் புருவத்துத் தழும்பு வரைக்கும் தெரிந்தது. மூணரைக்குள் பேனரை முடித்து, கீழ் மூலையில் தன் கடைப் பேரைப் போன மாதத்தைவிடப் பெரிதாகவே போட்டாள். பென் டிரைவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு மணி பஸ்ஸில் தானே உசிலம்பட்டிக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் மண்டப வாசலில் அவளும் நின்றாள். மேலூர் வேன் வந்தது. காளை இறங்கினார். சீர்த்தட்டைத் தூக்கியவர்களைக் கையமர்த்திவிட்டுப் பேனருக்குக் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். காளை தன் மீசையைத் தடவினார்.

"இதைச் செஞ்சது யாரு?"

"நாந்தாண்ணே."

"மீசையில நரை எம்புட்டுன்னு எண்ணிறலாம் போலயே. அதையாச்சும் மறைச்சிருக்கக் கூடாதா?"

"உள்ளதுதான் வரும்ணே. அடுத்த பிள்ளை காதுகுத்துக்கு மை அடிச்சுட்டு வாங்க, அப்படியே போடுறேன்."

காளை படத்தில் இருந்த மாதிரியே சிரித்தார். மேளக்காரர்களைப் பார்த்து அடிக்கச் சொல்லிவிட்டு, சீர்த்தட்டோடு உள்ளே போனார். பின்னால் வந்த மேலூர்க்காரர்களில் ரெண்டு பேர் மட்டும் பேனர் அடியில் குனிந்து, மூலையில் இருந்த நம்பரைச் செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.