அட்டையில் ஒரு கோபுரம்

பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் பிரெஞ்சு அக்கா. பிரெஞ்சு நாவல்களைத் தமிழாக்குவது அவள் வேலை. பாரிஸ் பைத்தியத்தில்தான் அந்த மொழியையே படித்தாள். ஒருநாள் பழைய புத்தகக் கடையில் ஒல்லியான நாவல் ஒன்று கையில் சிக்கியது. அதில் பனியும் இல்லை, பாரிஸும் இல்லை. கரும்புக் காடு, கொசு, மின்வெட்டு, வாய்கூசாமல் திட்டும் ஒரு மாமியார். எழுதியவர் ஹைட்டித் தீவுக்காரர். பிரான்சுக்கு வெளியேயும் பிரெஞ்சில் எழுதுகிறார்கள் என்று இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அவளுக்கு எரிச்சலான எரிச்சல். அப்புறம் செனகல், அல்ஜீரியா என்று தேடித் தேடிப் படித்தாள். முதலாளியோடு மல்லுக்கட்டி அந்தத் தீவு நாவலை மொழிபெயர்த்தும் கொடுத்தாள்.

அட்டை வந்தது. நடுவில் ஈஃபில் கோபுரம். கீழே, ‘ஒரு பிரெஞ்சுக்காரரின் நாவல்’.

நேராக ஓவியரிடம் போய் நின்றாள். “கதையில கோபுரம் எங்க வருது தம்பி?”

“பிரெஞ்சுன்னு சொன்னீங்களேக்கா.”

“மொழிதான்பா பிரெஞ்சு! ஆளு ஹைட்டிக்காரரு. நடுவுல ஒரு சமுத்திரமே கிடக்கு. நாள் பூரா நானுந்தான் பிரெஞ்சைக் கட்டிக்கிட்டு அழுறேன், நான் என்ன பாரிஸ்காரியா?”

“கோவப்படாதீங்கக்கா, மாத்திடறேன்.”

சாயங்காலம் புது அட்டை வந்தது. நீலக் கடல், பச்சைத் தீவு, ‘ஒரு ஹைட்டிக்காரரின் நாவல்’. அப்பாடா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். கரும்புக் காட்டுக்கு நடுவே அதே கோபுரம்.

“அதையும் எடுத்துட்டா, பிரெஞ்சு நாவல்னு எப்படிக்கா தெரியும்?” என்றார் ஓவியர்.